50,000-க்கு 50,000: பனிப்போர் காலத்துப் பத்திரிகைப் பண்டமாற்று

கேள்வி: பனிப்போர் காலத்தில் அமெரிக்க அரசே ரஷ்ய மொழியில் ஒரு பத்திரிகை நடத்தி, அதை மாஸ்கோ கடைகளிலேயே விற்றதாகப் படித்தேன். உண்மையா? சோவியத் அரசு அதை எப்படி அனுமதித்தது? அதனால் ஏதாவது பலன் இருந்ததா? நம் ஊருக்கு வந்த 'சோவியத் நாடு' இதே வகைதானா?

உண்மைதான். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நம்மில் பலருக்கு இந்தக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை பள்ளிக்கூடம் போனவர்களிடம் 'சோவியத் நாடு' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அதில் வந்த கட்டுரை அல்ல, அதன் தாள். வழவழவென்று, கெட்டியாக, லேசில் கிழியாத தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நோட்டுக்கு அட்டை போட அதற்கு வீட்டில் அடிதடி நடக்கும். காக்கி அட்டை வாங்கக் காசில்லாத பையனின் கணக்கு நோட்டில் ஒரு டிராக்டர் ஓடும், வரலாறு நோட்டில் ஒரு விண்வெளி வீரர் சிரிப்பார். சோவியத் தூதரகத்தின் தகவல் துறை அதைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவந்தது. தமிழ்ப் பதிப்பில் தொ.மு.சி. ரகுநாதன் போன்ற பெரிய எழுத்தாளரே வேலை பார்த்தார். அந்தப் பத்திரிகையின் பெயரால் கொடுத்த நேரு விருதை ஜெயகாந்தனும் வாங்கியிருக்கிறார். அமெரிக்கத் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1960-இல் தில்லியிலிருந்து 'ஸ்பான்' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கியது.

ஆனால் இது வேறு ஆட்டம். இந்தியா இருவருக்குமே எதிரி இல்லை. ஒரே வாடிக்கையாளரை எதிரெதிர்க் கடைக்காரர்கள் கூவி அழைப்பது போலத்தான் 'சோவியத் நாடு'ம் 'ஸ்பா'னும். நீங்கள் கேட்பது, ஒரு கடைக்காரர் எதிர்க் கடையின் அலமாரியிலேயே தன் சரக்கை வைத்து விற்ற கதை. அதற்கு எதிர்க் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு ஒரு விலை இருந்தது.

பத்திரிகையின் பெயர் 'அமெரிக்கா'. முழுக்க ரஷ்ய மொழி. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், இரு நாடுகளும் ஹிட்லருக்கு எதிராக ஒரே அணியில் இருந்தபோது, மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆவரெல் ஹாரிமன் காலத்தில் அனுமதி கிடைத்தது. அப்போது அமெரிக்காவில் சக்கைப் போடு போட்டுக்கொண்டிருந்த 'லைஃப்' வார இதழின் பாணி: பெரிய அளவு, பக்கம் நிறையப் படம், கொஞ்சம் எழுத்து. முதலில் 10,000 பிரதிகள், பிறகு 50,000.

போர் முடிந்தது, நட்பும் முடிந்தது. இனி பத்திரிகைக்குத் தடை வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சோவியத்தில் பத்திரிகை விற்பனை முழுவதும் 'சோயுஸ்பெச்சாத்' என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையும் அதனுடையது, சந்தா வசூலும் அதனுடையது. பத்திரிகை ஏஜென்சி நடத்தியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். ஒரு பத்திரிகையைக் கொல்ல அதைத் தடை செய்யவே வேண்டாம். பார்சலைப் பிரிக்காமல் பத்து நாள் வைத்திருந்து, 'போகலை சார், ரிட்டர்ன் எடுத்துக்குங்க' என்று சொன்னால் போதும். 1940-களின் கடைசியில் 'அமெரிக்கா'வுக்கு நடந்தது அதுதான். கடையில் கேட்டால் கிடைக்காது, அமெரிக்கத் தூதரகத்துக்கோ விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வரும். உங்கள் பத்திரிகை எங்கள் மக்களுக்குப் பிடிக்கவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது சோவியத் தரப்பின் பதில். தடை என்றால் எதிர்ப்புக் குறிப்பு அனுப்பலாம், உலகத்திடம் முறையிடலாம். 'விற்கவில்லை' என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

1952-இல் அமெரிக்கா வெறுத்துப்போய்ப் பத்திரிகையை நிறுத்தியது. கூடவே, வாஷிங்டனில் சோவியத் தூதரகம் வெளியிட்டுவந்த தகவல் இதழையும் நிறுத்தச் சொன்னது. எனக்கில்லை என்றால் உனக்கும் இல்லை. சின்னப்பிள்ளைச் சண்டை மாதிரி இருக்கும், ஆனால் அடுத்த ஏற்பாட்டுக்கு விதை இந்தச் சண்டையில்தான் விழுந்தது.

ஸ்டாலின் 1953-இல் இறந்தார். 1955 ஜூலையில் ஜெனீவாவில் உச்சி மாநாடு. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்திரிகைப் பேச்சு மறுபடியும் தொடங்கிவிட்டது, இந்த முறை எழுத்தில், கணக்கோடு. நீ என் நாட்டில் 50,000 பிரதி விற்றுக்கொள், நான் உன் நாட்டில் 50,000 விற்றுக்கொள்கிறேன். அமெரிக்கப் பத்திரிகையின் பெயர் பழையபடி 'அமெரிக்கா'. சோவியத்தின் ஆங்கிலப் பத்திரிகை முதலில் 'யு.எஸ்.எஸ்.ஆர்.' என்ற பெயரில் 20 சென்ட் விலையில் வந்தது. 1965-இல் அதைச் 'சோவியத் லைஃப்' என்று மாற்றினார்கள். எந்த அமெரிக்க இதழின் பாணியைப் பார்த்து எல்லாம் தொடங்கியதோ, அதன் பெயரையே தன் பத்திரிகைப் பெயரின் பாதியாகச் சோவியத் அரசு எடுத்துக்கொண்டது! எண்ணிக்கையை இரு பக்கமும் பின்னாளில் 60,000-க்கு மேல் உயர்த்திக்கொண்டார்கள், அதுவும் சமமாகத்தான்.

இரண்டு பத்திரிகைகளும் கடைக்கு வந்தது 1956 அக்டோபரில். அதே மாதம் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் சோவியத் பிடிக்கு எதிராக எழுச்சி வெடித்தது, நவம்பர் தொடக்கத்தில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்தன. பத்திரிகைப் பண்டமாற்று அதில் முறிந்துபோகவில்லை. 1960-இல் அமெரிக்க உளவு விமானத்தைச் சோவியத் சுட்டு வீழ்த்தியபோதும், 1962-இல் கியூபா விவகாரத்தில் அணு ஆயுதப் போர் வாசல் வரை வந்தபோதும், 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகுக்குள் சோவியத் படை நுழைந்தபோதும் முறியவில்லை. 1980-இல் அமெரிக்கர்கள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தார்கள், 1984-இல் சோவியத்காரர்கள் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தார்கள். விளையாட்டுகூட நின்றது, பத்திரிகை நிற்கவில்லை. நிறுத்தினால் தன்னுடையதும் போய்விடும் என்பதுதான் காரணம், பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

'சோவியத் லைஃப்' இதழ் உங்கள் கையில் கிடைத்தால், படங்களுக்குப் போகும் முன் பதிப்பு விவரம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இரு அரசுகளுக்கும் இடையிலான பரஸ்பர ஒப்பந்தப்படி இந்தப் பத்திரிகை அமெரிக்காவிலும் 'அமெரிக்கா' பத்திரிகை சோவியத்திலும் வெளிவருகின்றன என்று. யார் காசில் வருகிறது, எதற்குப் பதிலாக வருகிறது என்பதை மறைக்கவே இல்லை. அதே காலத்தில் லண்டனிலிருந்து வந்த 'என்கவுன்ட்டர்' என்ற இலக்கிய இதழுக்குப் பின்னால் சி.ஐ.ஏ. பணம் இருந்தது 1967-இல் வெளியே வந்து பெரும் அவமானமானதை நினைத்துப் பாருங்கள். 'அமெரிக்கா'வுக்கு அப்படி அம்பலமாக எதுவும் இல்லை. அரசுப் பத்திரிகை என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும்.

அந்தப் பொடி எழுத்துக் குறிப்பு எவ்வளவு பெரிய கவசம் என்பது இன்னொரு சம்பவத்தில் தெரியும். 1962-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் கம்யூனிஸ்ட் பிரச்சாரத்தைத் தபால் துறை பிடித்து வைத்துக்கொள்ளும். பெறுநருக்கு ஓர் அட்டை போகும்: 'இது உமக்கு வேண்டும் என்றால் எழுதித் தெரிவிக்கவும்.' கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வந்தாலே வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்தை அப்போதுதான் தாண்டிவந்த நாட்டில் எத்தனை பேர் அந்த அட்டையில் 'வேண்டும்' என்று கையெழுத்துப் போடுவார்கள்? கார்லிஸ் லாமன்ட் என்பவருக்கு வந்த சீனாவின் 'பீக்கிங் ரிவ்யூ' இதழ் இப்படி மாட்டிக்கொண்டது. அவர் வழக்குப் போட்டார். 1965-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. பேச்சுரிமைக்கு முரணானது என்று ஒரு கூட்டாட்சிச் சட்டத்தை அந்த நீதிமன்றம் தூக்கி எறிந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது: பரஸ்பரக் கலாச்சார ஒப்பந்தத்தின் கீழ் வருபவற்றுக்கு இது பொருந்தாது. சீனாவுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை, அதனால் அதன் பத்திரிகை தபால் நிலையத்தில் முடங்கியது. சோவியத் தன் கடைகளில் 'அமெரிக்கா'வுக்கு இடம் கொடுத்திருந்தது. அந்த இடம்தான் அதன் பத்திரிகைக்கு அமெரிக்காவில் பாஸ்போர்ட்.

சரி, உள்ளே என்ன இருந்தது? 'அமெரிக்கா'வில் நேரடி அரசியல் கிட்டத்தட்ட இல்லை. சோவியத்தைத் திட்ட மாட்டார்கள், வம்புக்கு இழுக்க மாட்டார்கள். ஒரு குடும்பம், ஒரு பண்ணை, ஒரு பல்கலைக்கழகம், ஓர் ஓவியர், ஒரு புதுக் கார், அவ்வளவுதான். ஆனால் படம் என்பது எடுத்தவர் சொல்ல நினைத்ததை மட்டும் சொல்வதில்லையே. கட்டுரை ஏதோ ஓர் ஆசிரியையைப் பற்றியதாக இருக்கும், வாசகரின் கண் அவர் பின்னால் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போகும். பொதுக் குடியிருப்பில் நாலு குடும்பம் ஒரே சமையலறையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலத்து மாஸ்கோவில், ஓர் அமெரிக்க வீட்டுச் சமையலறைப் படத்துக்குத் தலையங்கம் தேவையில்லை. 1959-இல் மாஸ்கோவின் சகோல்னிகி பூங்காவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் மோதிக்கொண்டதும் ஒரு மாதிரிச் சமையலறையில் நின்றுதான்.

'சோவியத் லைஃப்' இந்தக் கலையில் ஒரு படி பின்தங்கியது என்பது என் கணிப்பு. அச்சு அழகாக இருக்கும். பாலே, பைக்கால் ஏரி, சமர்க்கண்ட் என்று படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் எழுத்தைத் தொட்டால் யாரோ மேலதிகாரி பக்கத்தில் நின்று பார்ப்பது தெரிந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள், எல்லா இலக்கும் நிறைவேறிவிடும். நம் 'சோவியத் நாடு'க்கும் அந்தக் குறை உண்டு. தாள் நோட்டு அட்டைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் குறை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 1986 பிப்ரவரி இதழைவிடப் பெரிய சாட்சி இல்லை. அதில் அணுமின் நிலையம் ஒன்றைப் பற்றி விரிவான கட்டுரை: உக்ரைனில் செர்னோபில் நிலையம், அதன் ஊழியர்களுக்காகக் கட்டிய ப்ரிப்யாத் என்ற புது நகரம், அங்கே வாழ்க்கை எவ்வளவு நிம்மதி என்பது. உக்ரைனின் மின்துறை அமைச்சர் விட்டாலி ஸ்க்லியாரோவ் அதில் சொல்கிறார்: உலை உருகுவதற்கான வாய்ப்பு 10,000 ஆண்டுகளில் ஒரு முறை. ஏப்ரல் 26 அதிகாலையில் நான்காவது உலை வெடித்தது. மறுநாளே ப்ரிப்யாத் காலி. அமெரிக்க நிருபர்களுக்குப் பழைய இதழைத் தேடி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. எதிரியின் ஊரிலேயே ஆங்கிலத்தில் அடித்து, தேதி போட்டு, நூலகங்களில் அடுக்கி வைத்திருந்தார்களே! தன் வாக்குமூலத்தைத் தானே காசு கொடுத்து எதிராளியிடம் ஒப்படைத்தது போல ஆயிற்று.

பலன் என்ன என்று கேட்டீர்கள். விற்பனை எண்ணை வைத்து அளக்க முடியாது, ஏனென்றால் அந்த எண்ணே சண்டைப் பொருள். ஒப்பந்தத்துக்குப் பிறகும் ரிட்டர்ன் வியாதி முழுதாகத் தீரவில்லை. அமெரிக்காவில் சோவியத் பத்திரிகை எவ்வளவு தேங்குகிறதோ, அதற்குத் தக்கபடி சோவியத்திலும் 'அமெரிக்கா' 'விற்கவில்லை' என்று கணக்குக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அமெரிக்கர்களின் நெடுநாள் புகார். அமெரிக்கக் கடைக்காரர் நிஜமாகவே விற்காததைத் திருப்பினார், சோவியத் கடை சமன் செய்வதற்காகத் திருப்பியது என்பது அதன் சாரம். 50 கோப்பெக் (அரை ரூபிள்) விலையுள்ள பிரதி கைமாறிக் கைமாறிக் கந்தலாகும்வரை படிக்கப்பட்டது, கள்ளச்சந்தையில் கூடுதல் விலைக்குப் போனது என்பதெல்லாம் அங்கே வேலை பார்த்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் சொன்னவை. அவர்கள் பத்திரிகையை அவர்களே புகழ்கிறார்கள் என்ற கழிவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் திரும்பி வந்த கட்டுகளை அவர்கள் குப்பையில் போடவில்லை. சோவியத் நகரங்களில் நடந்த அமெரிக்கக் கண்காட்சிகளில் இலவசமாகக் கொடுத்தார்கள், வாங்க ஆள் இருந்தது. சாமர்த்தியம்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. சோவியத் குடிமகன் காசு கொடுத்து வாங்க முடிந்த 'அமெரிக்கா'வை அமெரிக்கக் குடிமகன் வாங்க முடியாது. வெளிநாட்டுக்கென்று அரசு தயாரிக்கும் பிரச்சாரத்தைச் சொந்த மக்களிடம் பரப்பக் கூடாது என்பது 1948-இன் ஸ்மித்–மண்ட் சட்டத்திலிருந்து வந்த கட்டுப்பாடு. வரி கட்டியவருக்கு மட்டும் பத்திரிகை கிடையாது.

மற்ற நாடுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் 1962 முதல் 'ஆங்லியா' என்ற ரஷ்ய மொழிக் காலாண்டிதழை நடத்தியது. போலந்து மொழியிலும் அமெரிக்கா ஒரு பதிப்பு போட்டது. இவற்றைவிடச் சுவையானது கிழக்கு ஜெர்மனி கதை. சோவியத்தின் நொவஸ்தி செய்தி நிறுவனம் பல மொழிகளில் 'ஸ்புட்னிக்' என்ற தொகுப்பிதழை நடத்தியது. கோர்பச்சேவ் காலத்தில் அதில் உண்மைகள் வரத் தொடங்கின. 1988 நவம்பரில், ஹிட்லர்–ஸ்டாலின் ஒப்பந்தம் பற்றிய கட்டுரைகளால் கோபமடைந்த கிழக்கு ஜெர்மன் அரசு அதன் ஜெர்மன் பதிப்பின் வினியோகத்தை நிறுத்தியது. எதிரியின் பத்திரிகை அல்ல, அண்ணனின் பத்திரிகை! செய்த விதமும் பழைய பாணிதான்: தபால் துறை வினியோகிக்கும் பத்திரிகைகளின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பண்டமாற்று இல்லாமல் ஒருபக்கமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவே பிற்பாடு பார்த்தது. 2003-இல் இராக் போரை ஒட்டி அரபு இளைஞர்களுக்காக 'ஹாய்' என்ற பளபளப்பான மாத இதழை வெளியுறவுத் துறை தொடங்கியது. அரசியல் இல்லை, பாட்டு, விளையாட்டு, கல்லூரி என்று கிட்டத்தட்ட அதே பழைய சமையல் குறிப்பு. 2005 டிசம்பரில் மூடிவிட்டார்கள். மாஸ்கோக்காரருக்கு 'அமெரிக்கா' வேறெங்கும் கிடைக்காத பொருள். கெய்ரோவிலும் அம்மானிலும் இருந்த இளைஞருக்கு அமெரிக்கப் படமும் பாட்டும் ஏற்கெனவே டிவியில் ஓடிக்கொண்டிருந்தன, அதே டிவியில் பாக்தாதும் எரிந்துகொண்டிருந்தது.

இப்போதைய அமெரிக்க–சீனச் சண்டையிலும் பழைய கணக்கு எட்டிப் பார்க்கிறது. சீனாவின் 'சைனா டெய்லி' அமெரிக்க நாளிதழ்களில் காசு கொடுத்து இணைப்புப் பக்கங்கள் போட்டுவந்தது. 2020 செப்டம்பரில் பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதர் டெர்ரி பிரான்ஸ்டட் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'பீப்பிள்ஸ் டெய்லி' நாளிதழுக்கு ஒரு கட்டுரை கொடுத்தார், அவர்கள் போட மறுத்தார்கள். கட்டுரையின் பொருளே பரஸ்பரம்தான்: எங்கள் ஊரில் உங்களுக்கு இருக்கும் இடம் உங்கள் ஊரில் எங்களுக்கு எங்கே என்பது. 1955-இல் அந்தக் கேள்வியை எழுத்தில் வைத்து, எண்ணிக்கை பேசி, கையெழுத்து வாங்கினார்கள். இம்முறை கட்டுரை மறுக்கப்பட்டது செய்தியானதோடு சரி.

கதையின் கடைசிப் பகுதி சின்னது. 1991 டிசம்பரோடு சோவியத் ஒன்றியமும் 'சோவியத் லைஃப்' இதழும் சேர்ந்தே முடிந்தன. 1993-இல் அது 'ரஷ்யன் லைஃப்' என்ற பெயரில் அமெரிக்காவில் தனியார் பத்திரிகையாகத் திரும்பியது. 'அமெரிக்கா' 1994 வரை ஓடியது. அதற்குள் மாஸ்கோப் பெட்டிக்கடையில் எந்த நாட்டுப் பத்திரிகையும் தொங்கலாம் என்றாகிவிட்டது, வாஷிங்டனுக்கும் அந்தச் செலவு தேவையில்லாததாகத் தோன்றியது.

பழைய பத்திரிகை சேர்ப்பது என் பலவீனம். 'சோவியத் லைஃப்' பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது தலைகாட்டும், அமெரிக்காவிலிருந்து திரும்பிய யாராவது எடைக்குப் போட்டதாக இருக்கும். 1986 பிப்ரவரி இதழ் எங்காவது கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள், நோட்டுக்கு அட்டை போட்டுவிடாதீர்கள். இரண்டு பிரதி கிடைத்தால் ஒன்று எனக்கு.